தேநீரில் தோய்த்த ரொட்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் கிளாஸ்கோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். வந்து மூன்று வருடம் ஆகிறது. நான் பார்த்துக்கொள்பவர்களில் ஒரு பாட்டிக்குத் தொண்ணூறு வயதைத் தாண்டிவிட்டது. நேற்று நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. ஆனால் போர்க்காலத்தில் சிறுமியாக இருந்த கதையை வரி மாறாமல் சொல்வார். ஒரே அறை கொண்ட வீடு, சுவர்க்குழிக்குள் கட்டில், மாடிப்படியில் எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை, அட்டைப்பெட்டியில் போட்டுத் தோளில் தொங்கவிட்ட வாயு முகமூடி. கடைசியில் எப்போதும் இதைச் சொல்லித்தான் முடிப்பார்: "எங்களிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் சந்தோஷமாக இருந்தோம். ஏழைகள் என்றே எங்களுக்குத் தெரியாது." என் பிள்ளைகள் இரண்டு பேரும் எல்லாம் இருந்தும் ஃபோனைப் பார்த்தபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வறுமையில் இருந்த சந்தோஷம் நமக்கு ஏன் இல்லை?

அவர் கதையைத் தமிழில் எழுத ஆசையாக இருக்கிறது. நாவலாக எழுதலாமா, பேட்டியாக எழுதலாமா? அவருடைய பிள்ளைகளிடம் அனுமதி கேட்க வேண்டுமா? அவர் பேசுவது கொச்சையான, உடைந்த ஆங்கிலம். பாதி எனக்குப் புரிவதில்லை. நல்ல ஆங்கிலமாகத் திருத்திக்கொண்டு பிறகு தமிழில் எழுதினால் தவறா?

பெயர் வேண்டாம்,
கிளாஸ்கோ

அன்புள்ள தங்கைக்கு,

போன மாதம்தான் என் அம்மாவின் தையல் மெஷினைப் பரணிலிருந்து இறக்கினேன். கறுப்பு சிங்கர். தங்க நிறப் பூவேலை பாதி அழிந்துவிட்டது. எண்ணெய் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன், சுற்றியது. அதிலிருந்து கிளாஸ்கோவில் நான் இருந்த ஒரு வருடத்தையும் அங்கே எனக்குச் சோறு போட்ட ஒரு பெண்மணியையும் நினைத்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. அதனால் இந்தப் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். அனுமதி கேட்க வேண்டுமா என்றால், கேளுங்கள். பாட்டியிடமும் கேளுங்கள், பிள்ளைகளிடமும் கேளுங்கள், இல்லத்தின் பொறுப்பாளரிடமும் கேளுங்கள். வேண்டாம் என்றால் எழுதாதீர்கள். உங்கள் பிள்ளைகளின் ஃபோனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஒரு கிழவியின் பசியைக் காட்டிப் பிள்ளைகளைத் திட்டுவது பிள்ளைகளுக்கும் நல்லதில்லை, கிழவிக்கும் மரியாதை இல்லை.

ஆனால் "கொச்சையான, உடைந்த ஆங்கிலம்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியில் எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பாட்டி பேசுவது உடைந்த எதுவும் இல்லை. அது ஸ்காட்ஸ், ஸ்காட்லாந்தின் சொந்த மொழி. 14-ஆம் நூற்றாண்டிலேயே அதில் காவியம் எழுதியிருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 லட்சம் பேருக்கு மேல் தாங்கள் ஸ்காட்ஸ் பேசுவதாகச் சொன்னார்கள். குழந்தையை 'வேன்' என்பார்கள், கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிவருவதை 'மெசேஜஸ்' என்பார்கள். ஜாம் தடவிய ரொட்டித் துண்டு 'ஜீலி பீஸ்'. உங்கள் பாட்டி படித்த காலத்தில், வகுப்பில் 'எஸ்' என்று சொல்லாமல் 'ஆய்' என்று சொன்ன குழந்தையைக் கையை நீட்டச் சொல்லித் தோல்வாரால் அடித்திருக்கிறார்கள். நுனி கிழிந்த தடித்த வார். ஃபைஃப் பகுதியில் லாக்கெல்லி என்ற ஊரில் இதற்கென்றே செய்தார்கள். இரண்டு ஸ்காட்லாந்துத் தாய்மார்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1982-இல் தீர்ப்பு வாங்கிய பிறகுதான், 1986-இல் சட்டம் போட்டு அரசுப் பள்ளிகளில் இந்த அடியை நிறுத்தினார்கள். அத்தனை அடிக்கும் தப்பி அந்தப் பாட்டியின் வாயில் மிஞ்சியிருக்கிற பேச்சு இது. அதை நீங்கள் திருத்தப் போகிறீர்களா? செய்யாதீர்கள். புரியாவிட்டால் இன்னொரு தடவை கேளுங்கள். சரி, கோபம் போதும். திருத்தினால் என்ன தொலையும் என்பதற்கு என் சொந்த அனுபவத்திலேயே ஒன்று இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

நான் 1988-இல் புள்ளியியல் மேற்படிப்புக்காக அங்கே போனேன். பார்ட்டிக் பகுதியில் ஒரு பழைய கல் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வாடகை அறை. வீட்டுக்கார அம்மாவுக்கு அப்போது 56 வயது, கணவர் இறந்துவிட்டார். என்னை 'சன்' என்று கூப்பிடுவார். எதிர்வீட்டுப் பெண்ணை 'ஹென்', அதாவது கோழி, என்பார். உங்களையும் பாட்டி அப்படித்தான் கூப்பிடுவார் என்று நினைக்கிறேன். ஆசையாகச் சொல்வது அது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அவர் பிறந்தது 1932-இல், கிளாஸ்கோவை அடுத்த கப்பல் கட்டும் ஊரான கிளைட்பேங்க்கில். அப்பா ஜான் பிரவுன் கப்பல் தளத்தில் இரும்புத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிக்கிற கூட்டத்தில் ஒருவர். அந்த வருடம் அந்த ஊரில் வேலையே கிடையாது. பின்னால் 'குயின் மேரி' என்று பெயர் பெற்ற கப்பல் அப்போது வெறும் 534-ஆம் நம்பர். 1931 டிசம்பரில் பணம் இல்லாமல் வேலை நின்று, 1934 ஏப்ரல் வரை அந்த இரும்புக் கூடு அப்படியே துருப்பிடித்து நின்றது. வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகை தருமுன் வீட்டுக்கு வந்து, யார் என்ன சம்பாதிக்கிறார்கள், என்ன சாமான் இருக்கிறது என்று கணக்கெடுக்க ஓர் ஆள் வருவார். நம் வீட்டுக்கார அம்மா வளர்ந்தது அந்த வீட்டில்தான்.

அவரும் உங்கள் பாட்டி மாதிரிதான். ஆறு மாதம் எனக்குச் சந்தோஷக் கதைகளாகவே சொன்னார். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து அம்மா காகிதத்தில் சுற்றிக் கீழே போடுகிற ஜீலி பீஸ், அதைப் பிடிக்கக் கொல்லையில் கைகளை விரித்து நிற்கிற பிள்ளைகள். பழைய குழந்தை வண்டியில் அழுக்குத் துணியை ஏற்றித் தள்ளிக்கொண்டு 'ஸ்டீமி'க்குப் போகிற ஊர்வலம். அது நகராட்சியின் பொதுச் சலவைக்கூடம். நேரம் பதிந்து காசு கட்டினால் வெந்நீர்த் தொட்டி கிடைக்கும், ஊர் வம்பு இலவசம். படிக்கட்டைக் கழுவுவதில் முறை. முறை வந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகக் கதவில் ஓர் அட்டை தொங்கும். கழுவிய கல்படியின் ஓரத்தில் வெள்ளைக் களிமண் கட்டியால் சுழி சுழியாகக் கோலம் போடுவார்கள். கோலம் என்கிற சொல்லை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன், பிறகு அவர் அதையே சொன்னார்.

1941 மார்ச் 13, ஜெர்மன் விமானங்கள் கிளைட்பேங்க்கில் குண்டு போட்ட இரவைக்கூட முதலில் ஒரு சாகசக் கதை போலத்தான் சொன்னார். நல்ல நிலா. ஒன்பது மணி வாக்கில் சங்கு ஊதியது. வாசலுக்கு முன்னால் செங்கல் சுவர் எழுப்பி, நடைக்குள் இரும்புத் தூண் முட்டுக்கொடுத்திருந்தார்கள், அங்கேதான் அத்தனை வீட்டாரும் நின்றார்களாம். சிங்கர் தொழிற்சாலையின் மரக்கிடங்கு பற்றிக்கொண்டு ஊரே பகலானது. மறுநாள் இரவும் வந்தார்கள். 528 பேர் செத்தார்கள். ஒரே குடும்பத்தில் 15 பேர். ஊரில் இருந்த சுமார் 12,000 வீடுகளில் அடிபடாதவை ஏழெட்டுதான் என்பது கணக்கு. 35,000 பேருக்கு வீடு இல்லை. அடையாளம் தெரியாதவர்களை டால்னாட்டர் கல்லறைத் தோட்டத்தில் ஒன்றாகப் புதைத்தார்கள். இவர்கள் பிழைத்தார்கள். போட்டிருந்த துணியோடு பஸ் ஏறி, வேல் ஆஃப் லெவன் பக்கம் ஒரு தேவாலயக் கூடத்தில் சில வாரம் தரையில் படுத்திருந்துவிட்டு, பார்ட்டிக்கில் சித்தியின் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரே அறைக்குள் ஒன்பது பேர். "ஜாலியா இருந்துச்சு, சன்" என்றார். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஜாலியாக இருந்திருக்கும், நான் சந்தேகப்படவில்லை.

(அவர் பேச்சை நான் நம்ம ஊர்ப் பேச்சில்தான் எழுதுவேன். அவர் மேடை ஆங்கிலம் பேசவில்லை, நான் ஏன் மேடைத் தமிழில் எழுதவேண்டும்?)

பிப்ரவரியில் ஒரு மாலை. குளிர். அவர் ரொட்டியும் தேநீரும் வைத்தார். நான் ஊர்ப் பழக்கத்தில் ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் பட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார். ஏதோ நாகரிகக் குறைவாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அவராகவே சொன்னார்.

அவர் அம்மாவும் அப்படித்தான் சாப்பிடுவாராம். மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கறி இருந்தாலும் அவர் ரொட்டியின் நடுப்பாகத்தை மட்டும் எடுத்துத் தேநீரில் தோய்ப்பார். கேட்டால், எனக்கு இதுதான் பிடிக்கும் என்பார். பிள்ளைகள் நம்பினார்கள். "'எங்கம்மாவுக்குக் கறி பிடிக்காது'ன்னு பள்ளிக்கூடத்துல பெருமையாச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அம்மாவுக்குப் பல் இல்லை. இருபத்தொரு வயதில், கல்யாணத்துக்கு முன்னால், எல்லாப் பற்களையும் பிடுங்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் கிளாஸ்கோ பக்கத்து உழைக்கும் குடும்பங்களில் இது நடந்த விஷயம். வரப்போகிற கணவனுக்குப் பல் வைத்தியச் செலவு வைக்கக்கூடாது என்று பெண்ணுக்குப் பெற்றோர் தருகிற சீர். மலிவாக வாங்கிய பல்செட் வாயில் பொருந்தவே இல்லை. அலமாரியில் ஒரு கோப்பைக்குள் கிடந்தது. 1941 மார்ச்சில் வீட்டோடு அதுவும் போயிற்று. இன்னொன்று வாங்க யாரிடம் காசு?

1948 ஜூலை 5-ஆம் தேதி இலவச தேசிய மருத்துவச் சேவை தொடங்கியது. பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கூட்டம் அலைமோதியது. இவர் அம்மாவின் முறை வர அடுத்த வருடம் ஆகிவிட்டது. பல்செட் போட்டுக்கொண்டு வந்த அன்று, மாடிப்படியில் நின்று ஓர் ஆப்பிளைக் கடித்தாராம். கடிக்கிற சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. இதைச் சொல்லிவிட்டு, தான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து 'கிரீட்டிங்' செய்துகொண்டிருந்ததாகச் சொன்னார். போகிற வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நான் புரிந்துகொண்டேன். அட, நல்ல உற்சாகமான காட்சி என்று சிரித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றும் உறுத்துகிறது. ஸ்காட்ஸில் 'கிரீட்' என்றால் அழுவது. பதினேழு வயதுப் பெண், தன் அம்மா ஆப்பிள் கடிப்பதை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்து, படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். நீங்கள் திருத்தி எழுதியிருந்தால் அவள் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள்.

இப்போது உங்கள் பாட்டியின் வாக்கியத்துக்கு வருகிறேன். "ஏழைகள் என்றே எங்களுக்குத் தெரியாது." எங்களுக்கு என்றால் யாருக்கு? பிள்ளைகளுக்கு. அம்மாவுக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைத் துணியில் சுற்றி அடகுக்கடைக்குக் கொண்டுபோனது அம்மா. வெள்ளிக்கிழமை சம்பளம் வந்ததும் வட்டி கட்டி மீட்டுவந்ததும் அம்மா. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்க்காமல் இருக்க அந்த மூட்டையை எப்படிப் பிடிப்பது என்று யோசித்ததும் அவர்தான். பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்றால், தெரியாமல் பார்த்துக்கொள்ள ஒருத்தி பகலும் இரவும் வேலை செய்திருக்கிறாள். நான் மறுபடி மறுபடி இதையே சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். சொல்லத்தான் வேண்டும், தங்கை. 'ஒன்றும் இல்லாவிட்டாலும் சந்தோஷமாக இருந்தோம்' என்று ஒரு பெரியவர் சொன்னால், அது அவர் பெற்ற அன்புக்குச் சாட்சி. அதையே எடுத்துக்கொண்டு நீங்களும் நானும் 'வறுமையில் சந்தோஷம் இருந்தது' என்று எழுதினால் அது பொய். வறுமையிலிருந்து யாருக்கும் சந்தோஷம் வரவில்லை. பல் இல்லாத ஒரு பெண் தன் பங்குக் கறியைத் தட்டு மாற்றி வைத்ததால் வந்தது.

கறியும் பாலும் தட்டுக்கு எப்படி வந்தன என்பதும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான். அதைச் சொல்லாமல் போர்க்காலக் குழந்தைப் பருவத்தை எழுதக்கூடாது. ஜான் பாய்ட் ஓர் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர், அபர்டீனில் ரோவெட் ஆய்வு நிலையத்தின் தலைவர். பின்னால் 1949-இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கினார். அவர் 1936-இல் கணக்குப் போட்டுச் சொன்னது இதுதான்: பிரிட்டனில் ஏறக்குறைய பாதிப் பேர் சாப்பிடுகிற சாப்பாடு முழு ஆரோக்கியத்துக்குப் போதாது. உலகத்தின் பெரிய சாம்ராஜ்யத்தில், போர் இல்லாத காலத்தில், பாதிப் பேர்! போர் வந்தது. 1940 ஜனவரியில் ரேஷன் வந்தது. சீமானுக்கும் ரிவெட் அடிப்பவனுக்கும் வாரத்துக்கு அதே இரண்டு அவுன்ஸ் தேயிலை, அதே அளவு வெண்ணெய். கர்ப்பிணிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் பச்சை ரேஷன் புத்தகம். பச்சைப் புத்தகத்துக்குத் தினம் ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) பால், கொஞ்சம் பின்னால் ஆரஞ்சுச் சாறும் மீன் எண்ணெயும். கப்பல் தளத்தில் இரவு பகலாக வேலை, அப்பாவுக்கு முழுச் சம்பளம். வீட்டுக்கார அம்மாவின் தம்பி 1940-இல் பிறந்தவர். வீட்டிலேயே உயரமானவர் அவர்தான். "குண்டு விழுந்த காலத்துப் பிள்ளைக்குத்தான் எலும்பு நல்லா இருக்கு" என்பார் வீட்டுக்கார அம்மா. குண்டு நல்லது என்று யாரும் படித்துவிட வேண்டாம். ஓர் அரசு மனம் வைத்தால் ஏழைப் பிள்ளைக்கும் பால் கிடைக்கும் என்று அந்த ஆறு வருடம் காட்டியது. அதற்கு முந்தைய பத்து வருடம் கிடைக்காமல் போனதற்குப் பால் பற்றாக்குறை காரணமில்லை. அந்தப் பத்து வருடத்துக்கு நான் இன்னும் மன்னிப்புக் கொடுக்கவில்லை.

பால் என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வகுப்பில் எங்களுக்குப் பாடமாக வந்த சோதனை. 1930 பிப்ரவரி முதல் ஜூன் வரை, கிளாஸ்கோவை ஒட்டிய லானார்க்‌ஷயரில் 67 பள்ளிகள், 20,000 குழந்தைகள். பாதிப் பேருக்குத் தினம் முக்கால் பைன்ட் பால், பாதிப் பேருக்கு இல்லை. எடையும் உயரமும் எடுத்து ஒப்பிட வேண்டும். யாருக்குப் பால் என்பதைச் சீட்டுக் குலுக்கியோ அகரவரிசைப்படியோ பிரிக்கச் சொன்னார்கள். ஒரு பக்கம் நோஞ்சான்கள் அதிகமாகத் தெரிந்தால் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம் என்றும் அனுமதித்தார்கள். அங்கேதான் சோதனை கெட்டது. அடுத்த வருடம் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய கோசெட் என்ற புள்ளியியலாளர் அதைப் பிரித்துக் காட்டினார். தொடக்கத்திலேயே பால் கிடைக்காத குழந்தைகள் சராசரியாக உயரமாகவும் கனமாகவும் இருந்தார்கள். ஆசிரியர்கள், தங்களை அறியாமலேயே, ஒல்லிக் குழந்தைகளைப் பால் வரிசைக்கு நகர்த்தியிருக்கிறார்கள் என்றார். குழந்தைகளை உடுப்போடு எடை பார்த்தார்கள். வசதியான பிள்ளை பிப்ரவரியில் கம்பளி போட்டிருக்கும், ஜூனில் கழற்றியிருக்கும். ஏழைப் பிள்ளைக்கு இரண்டு மாதத்திலும் அதே சட்டைதான் இருந்திருக்கும். அதுவும் கணக்கைக் கெடுத்திருக்கலாம் என்று எழுதினார்.

பேராசிரியர் இதைத் தவறான சோதனைக்கு உதாரணமாக நடத்தினார், சரிதான். வீட்டுக்கு வந்து சமையலறையில் வீட்டுக்கார அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஒல்லிப்பிள்ளைக்கு எடுத்துக் குடுத்தாங்களா? தப்பா அது?" என்றார். கணக்குப்படி தப்பு என்றேன். "அப்போ உங்க கணக்குல ஏதோ கோளாறு" என்று கத்தியை மறுபடி எடுத்தார். பையன்களின் கையில் வார் கொண்டு அடித்த அதே பள்ளிக்கூடங்களில்தான் இந்த ஆசிரியர்களும் இருந்தார்கள். உங்கள் பாட்டியின் கதையில் ஓர் ஆசிரியர் வந்தால் இரண்டையும் கேளுங்கள்.

அப்புறம், அண்டை அயல் ஒற்றுமை. எல்லோரும் இதைத்தான் பாடுகிறார்கள், கதவு பூட்டியதே இல்லை, ஒரு வீட்டில் அழுதால் பத்து வீடு வரும் என்று. இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது காற்றில் வந்ததில்லை. 'மெனாஜ்' என்று வைத்திருந்தார்கள். நம் சீட்டுதான். தெருவில் நம்பகமான ஒரு பெண் வாரம் வாரம் வசூலித்து, முறைப்படி ஒருத்திக்கு மொத்தமாகத் தருவாள். முதல் உலகப் போரின்போது, 1915-இல், கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் மேரி பார்பர் என்ற பெண்மணியின் பின்னால் திரண்டு வாடகை உயர்வைக் கட்டமாட்டோம் என்று நின்றவர்களும் இந்தப் படிக்கட்டுப் பெண்கள்தான். அந்த வருடமே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அந்த ஒற்றுமைக்கு நிர்வாகம் இருந்தது, கணக்கு நோட்டு இருந்தது. அதை 'அந்தக் காலத்து நல்ல மனசு' என்று இரண்டு சொல்லில் முடிக்காதீர்கள்.

போர் முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை என்பதையும் எழுதுங்கள். போர்க்காலத்தில்கூட ரேஷனில் இல்லாத ரொட்டி 1946 முதல் 1948 வரை ரேஷனில் வந்தது. மிட்டாய்க்கு 1949-இல் ரேஷனை எடுத்தார்கள், பிள்ளைகள் கடைகளைக் காலி செய்ததில் நான்கே மாதத்தில் திரும்பப் போட்டார்கள். 1953 பிப்ரவரியில்தான் விட்டார்கள். அதற்குள் நம் ஆளுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. "மிட்டாய் வந்தப்ப எனக்கு மிட்டாய் ஆசை போயிருச்சு" என்றார். சுவர்க்குழிக் கட்டிலில் நான்கு பேர் படுத்தால் ஒருவர் இருமல் நான்கு பேருக்கும். காசநோயைக் கண்டுபிடிக்க 1957-இல் கிளாஸ்கோவில் ஐந்து வாரத்தில் 7 லட்சம் பேருக்கு மேல் எக்ஸ்ரே எடுத்தார்கள் என்றால் அந்த நகரத்தின் நெஞ்சு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

தையல் மெஷினைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு 1946-இல் வீட்டுக்கார அம்மா கிளைட்பேங்க் சிங்கர் தொழிற்சாலையில் சேர்ந்தார், ஊசி செய்கிற பிரிவில். குண்டு போட்ட அதே இடம். நாள் முழுக்க ஊசிகளைத் தரம் பிரிப்பது. என் அம்மாவிடம் ஒரு சிங்கர் இருக்கிறது, அப்பா போன பிறகு அதில் தைத்துத்தான் எங்கள் மூன்று பேரையும் படிக்கவைத்தார் என்று ஒரு நாள் சொன்னேன். நம்பரைக் கேட்டு எழுது என்றார். அம்மா மெஷினின் அடியில் பொறித்திருந்த எழுத்தையும் எண்ணையும் பார்த்து எழுதி அனுப்பினார். வீட்டுக்கார அம்மா அதைக் கிளைட்பேங்க் நூலகத்துக்கு எடுத்துப்போய் விசாரித்துவிட்டு வந்தார். அங்கே செய்த மெஷின்தான், அவர் வேலை பார்த்த வருடங்களில். அன்று இரவு கறி சமைத்தார். சாப்பிடும்போது, "உங்கம்மா என்ன சாப்பிடுவாங்க, சன்?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அம்மா எங்களுக்குப் பரிமாறிவிட்டு மெஷினில் போய் உட்காருவார். நான் தூங்கும்வரை அந்தச் சத்தம் கேட்கும். அவர் எப்போது சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார் என்று எனக்கு 24 வயதுவரை தெரியாது. எங்களுக்கும், ஏழைகள் என்றே தெரியாது.

அந்தத் தேநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளாஸ்கோவில் ஏழை வீட்டில் பிறந்த தாமஸ் லிப்டன் 1890-இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கியவர். பல் இல்லாத அந்தத் தாயின் ரொட்டியை நனைத்த தேயிலையை அந்த மலைகளில் நம் பெண்கள் பறித்திருக்கலாம். அவர்கள் பிள்ளைகளுக்குப் பச்சைப் புத்தகம் கிடையாது. அதை எழுத வேறொரு கடிதம் வேண்டும்.

நாவலா பேட்டியா என்று கேட்டீர்கள். எதுவானாலும் சரி. சந்தோஷமாக இருந்தீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு அவரிடம் பதில் தயாராக இருக்கிறது. வியாழக்கிழமை இரவு, சம்பளத்துக்கு முந்தைய இரவு, என்ன சாப்பாடு என்று கேளுங்கள். அம்மா எந்த நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தாரா, என்று கேளுங்கள். திங்கட்கிழமை வீட்டிலிருந்து எந்தச் சாமான் காணாமல் போகும் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே முதலில் எழுதுங்கள். புரியாத சொல்லைத் தமிழ் எழுத்திலேயே ஒலிப்படி எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அர்த்தம் கேளுங்கள்.

இன்னும் ஒன்று கேளுங்கள். அந்த ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கூட்டுறவுக் கடையில் ஓர் எண் இருந்தது. கோ-ஆப் நம்பர். சாமான் வாங்கும்போது பிள்ளை அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். மாறிச் சொன்னால் வருட லாபத்தில் கிடைக்கிற பங்கு வேறு வீட்டுக்குப் போய்விடும். அந்தப் பங்கில்தான் பிள்ளைகளுக்குச் செருப்பு. அதனால் அடித்து மனப்பாடம் செய்யவைத்தார்கள். என் வீட்டுக்கார அம்மா 56 வயதிலும் யோசிக்காமல் சொல்வார், ஐந்து இலக்கம், அம்மாவின் குரலிலேயே. உங்கள் பாட்டிக்கு நேற்றைய நாள் மறந்திருக்கலாம். அவர் அம்மாவின் கோ-ஆப் நம்பரைக் கேட்டுப் பாருங்கள். சொன்னால், அடுத்த கடிதத்தில் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.